கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் நரம்பு செயலிழந்தவரின் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

வாய்ப் புற்றுக்காகக் கழுத்து நிணநீர்க்கணுக்களை எடுத்தவருக்குக் கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று குறித்தால் போதுமா, கை, தோள் வேலைகளில் உள்ள சிரமத்தை நோயாளியிடமே கேட்கும் டேஷ் (DASH) படிவமும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும். ஆனால் அவை இரண்டும் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு.

முதலில் டிகிரி. இங்கே அடிபடுவது பதினோராவது மூளை நரம்பு. அதனால் கழுத்திலிருந்து தோளுக்கு வரும் டிரபீசியஸ் தசை தளர்ந்து தோள் தொங்கிவிடும். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் பலர் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்துத் தூக்குவார்கள், கோணம் அளக்கும் கோனியோமீட்டரில் 20 டிகிரி சும்மா கூடிவிடும். முதுகு நாற்காலியில் பதிய உட்காரவைத்தே அளவெடுங்கள். அவராகத் தூக்குவதையும் நீங்கள் தூக்கிவிடுவதையும் தனித்தனியே எழுதுங்கள். பின்னது நன்றாக இருந்து முன்னது குறைந்தால் தசை பலவீனம். இரண்டுமே குறைந்தால் மூட்டும் இறுகத் தொடங்கிவிட்டது, அதற்கு உடனே வைத்தியம் வேண்டும்.

தோளுக்கான கான்ஸ்டன்ட் (Constant) மதிப்பெண்ணை இவர்களுக்கு முதன்மை அளவையாக வைக்க வேண்டாம். அதன் 100-இல் 25 வலிமைக்கு. கை 90 டிகிரிக்கு வராவிட்டால் அந்த 25-உம் பூஜ்யம். பக்கவாட்டு உயர்த்தல் 35-இலிருந்து 85 டிகிரிக்கு வந்தாலும் அந்த அசைவுக்கான மதிப்பெண் 2-இலிருந்து 4 ஆகும், அவ்வளவுதான். நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்!

டேஷில் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டுத்தொகையைப் பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, 1 கழித்து, 25-ஆல் பெருக்குங்கள். 28 கேள்விக்கு 84 வந்தால் சராசரி 3, மதிப்பெண் 50. பழக்கதோஷத்தில் 30-ஆல் வகுத்தால் 45 வரும். பொழுதுபோக்கு, தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை நம் ஊரில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடுபட்டதற்கு 1 போடாதீர்கள். மூன்றுக்கு மேல் விடுபட்டால் மதிப்பெண்ணே கிடையாது. எண் குறைவதுதான் முன்னேற்றம்; சுமார் 10 புள்ளியாவது குறையாமல் தேறிவிட்டார் என்று எழுத வேண்டாம்.

இனி, அவை இரண்டும் தவறவிடுகிறது என்று தொடக்கத்தில் சொன்ன விஷயம். எந்தக் கையால் செய்தாலும் சரி என்கிறது டேஷ். நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகியவருக்கு நரம்பு துளியும் மீளாமலே மதிப்பெண் அழகாக வந்துவிடும். அதனால் பாதித்த தோளின் வலியையும் சிரமத்தையுமே கேட்கும் ஸ்பாடி (SPADI) படிவத்தையும் சேருங்கள். 13 கேள்விதான், தமிழிலும் இருக்கிறது. கூடவே அவருக்கு முக்கியமான மூன்று வேலைகளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்: கொடியில் துணி காயப்போடுவது, தலை பின்னுவது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிப்பது போல. பாதித்த கையால் செய்யவே முடியவில்லை என்றால் 0, முன்போல முடிந்தால் 10.

வாழ்க்கைத் தரத்துக்கு ஈக்யூ-5டி (EQ-5D) என்ற பொதுப் படிவத்தை எடுக்கலாம். ஆனால் கதிர்வீச்சு, விழுங்கும் சிரமம் எல்லாம் அதில் கலந்துவரும். அந்தச் சரிவைத் தோள்மேல் ஏற்றாதீர்கள்.

அறுவைக்கு முன் ஒருமுறை, பிறகு 6 வாரம், 3, 6, 12 மாதம். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், வாராவாரம் அளந்தால் நோயாளிக்கு மனம்தான் சோர்ந்துபோகும்.