கோம்பைக் குட்டிக்குப் பன்றி பழக்கலாமா?

(நாய் வளர்ப்போர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில்)

கேள்வி: ஐந்து மாதக் கோம்பைக் குட்டிகள் இரண்டு வைத்திருக்கிறேன். விடிவதற்குள் காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் நாய் விட்டுப் பன்றி பிடிக்கும் வீடியோக்கள் பார்த்தேன். அப்படிப் பழக்குவது எப்படி?
- வாசகர், கம்பம்

பதில்: நீங்கள் பார்த்தது டெக்சாஸாக இருக்கலாம். அங்கே காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு. நிலத்துக்காரர் சம்மதித்தால் வேட்டை உரிமம்கூட வேண்டாம் என்று 2019இல் சட்டத்தையே தளர்த்திவிட்டார்கள். இங்கே கதை வேறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மட்டுமல்ல, துரத்திப் பிடிக்க முயல்வதும் வேட்டைதான். 2025இல் பன்றியைச் சுடத் தமிழக அரசு தந்த அனுமதியும் வனத்துறைக்குத்தான். அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளுக்கு. நாயை அவிழ்த்துவிட்டால் வழக்கு உங்கள் மேல் வரும் தம்பி.

ஆனால் அவர்கள் குட்டி பழக்கும் விதத்தில் நமக்குப் பாடம் உண்டு. கேட்டஹூலா, பிளாக் மவுத் கர் போன்ற நாய்களின் வேலை பன்றியை வளைத்து, தள்ளி நின்று குரைப்பது. புல்டாக் மாதிரி கனத்த நாயைக் கடைசியில்தான் விடுவார்கள்; அதற்கும் கழுத்திலும் மார்பிலும் எளிதில் கிழியாத கெவ்லார் துணிக் கவசம் மாட்டியிருக்கும். வீடியோவில் வருவது இந்தக் கடைசிக் கட்டம்தான். குட்டி முதலில் படிப்பது, கூப்பிட்டால் திரும்பி வருவதை. அப்புறம் மாடு, மான் பக்கம் ஓடாமல் இருப்பதை. ஏழெட்டு மாதமாவது ஆன பிறகே, வேலி அடைத்த இடத்தில் சின்னப் பன்றி ஒன்றை, அனுபவமுள்ள நாயின் துணையோடு காட்டுவார்கள். சில நிமிடம்தான், ஆசை அடங்குவதற்குள் வெளியே கூட்டி வந்துவிடுவார்கள். இளவயதில் நன்றாக அடிபட்ட குட்டி, பிறகு பன்றி வாடைக்கே வாலை இடுக்கிவிடும்.

கோம்பைக்குத் தைரியம் ஊட்ட வேண்டியதில்லை, அதை அடக்கத்தான் பழக்க வேண்டும். காலையும் மாலையும் நீளக் கயிற்றில் வரப்பைச் சுற்றி நடத்துங்கள். கூப்பிட்டதும் வந்தால் அவித்த ஈரல் ஒரு துண்டு. இரவில் பரணடியில் கட்டிவையுங்கள். வாடை பிடித்துக் குரைத்தால் தட்டிக்கொடுங்கள். டார்ச் அடிப்பதும் தகரம் தட்டுவதும் உங்கள் வேலை. சாய்ந்த பயிரைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவும் கொடுங்கள். பணம் வரத் தாமதமாகும், கொடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு வந்த பன்றி எங்கள் நாயை வயிற்றோரம் குத்திவிட்டது. சின்ன ஓட்டைதான். மஞ்சள் வைத்தால் போதுமா?
- வாசகி, சத்தியமங்கலம்

பதில்: போதாதம்மா, இன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். கோரைப்பல் உள்ளே இறங்கிக் கிழிக்கும்; தோலில் ஒரு ரூபாய் அளவு தெரிந்தாலும் உள்ளே ஒரு சாண் இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாமல், காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி எடுத்து வாருங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அடைத்துக் கொண்டுவந்தால், அதைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு நேரம் போய்விடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மறுபடி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றி இறைச்சியை நாய்க்குப் போடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: கூடாது. பச்சைப் பன்றியிறைச்சி தின்ற வேட்டை நாய்களுக்குப் புரூசெல்லா என்ற பாக்டீரியா நோய் தொற்றியது உண்டு. அது மனிதரையும் பிடிக்கும். தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.