வலது மணிக்கட்டு வழி ஆஞ்சியோ முடியாமல் போனால், தொடை வழிக்குச் சம்மதிக்கலாமா?

அப்பாவுக்கு ஆஞ்சியோவை, அதாவது தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத் தமனிகளைப் பார்க்கும் பரிசோதனையை, வலது மணிக்கட்டில் முயன்று முடியாமல் போனதால் அடுத்த வாரம் தொடை வழியாகச் செய்யலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதிக்கலாம், ஆனால் அதற்கு முன் இடது கை ஏன் கூடாது என்று கேளுங்கள். நான் மருத்துவன் அல்லன். மூன்று முறை அந்த மேசையில் படுத்தவன், அவ்வளவே.

முதல் ஆஞ்சியோவுக்குப் பின் எனக்கு பைபாஸ் செய்தபோது, மார்பின் இடது உட்புறத் தமனியை இதயத்தோடு இணைத்தார்கள். அது இடது கைக்குச் செல்லும் தமனியிலிருந்தே பிரிவதால், இடது மணிக்கட்டில் நுழையும் குழாய்க்குப் போகும் வழியிலேயே அகப்படும். வலது கையிலிருந்து போனாலோ மகாதமனியின் வளைவைக் கடந்து மறுபக்கக் கிளைக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். இந்த விவரம் என் கோப்பின் முதல் தாளிலேயே இருந்தும், இரண்டாவது முறை ஒருவரும் அதைப் புரட்டாமல் வழக்கம்போல் வலது கையில் குத்தினார்கள். தமனி இறுகிக்கொண்டது. தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்தைச் செலுத்திய பிறகும், குழாயை அசைக்கும்போதெல்லாம் முழங்கைக்கு மேலே நரம்பைச் சுண்டி இழுப்பதுபோல் வலித்தது. வெகுநேரம் கழித்து இடது கைக்கு மாறினார்கள்; வேலை சட்டென்று முடிந்தது.

மருத்துவர்களைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று சிலர் நினைக்கக்கூடும். தமனி இறுகுவது எவருக்கும் நேரலாம். பிறவியிலேயே அது சுருண்டிருப்பவர்களும் உண்டு. என் வருத்தம் திறக்கப்படாத அந்தக் கோப்பைப் பற்றியது மட்டுமே.

தொடை வழி தாழ்ந்ததும் அன்று. 1989இல் கனடா மருத்துவர் லூசியன் காம்போ மணிக்கட்டு வழி ஆஞ்சியோவைப் பற்றி எழுதிய காலத்தில் தொடைதான் வழக்கமான வழி. பெரிய குழாய் தேவைப்படும் சிகிச்சைகளுக்கு இன்றும் அதுவே வசதி. ஆனால் மணிக்கட்டில் தமனியை எலும்பின் மேல் அழுத்தி இரத்தத்தை எளிதில் நிறுத்திவிடலாம். தொடையிலோ காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், வயிற்றின் பின்புறம் கசிந்தால் வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே பிறகு முதுகு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அப்பா சொன்னால் உடனே செவிலியரை அழையுங்கள்.

இடது மணிக்கட்டுத் தமனியை பைபாஸுக்கு எடுத்திருந்தாலோ, சிறுநீரக நோயால் பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்படும் என்று அந்தக் கையைக் காத்து வைத்திருந்தாலோ, தொடையைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது முறை நான் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோய், கேட்பதற்கு முன்பே இடது கையை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.