தோள் இரண்டும் காதுக்கு ஏறினால்...

கேள்வி: 2020 ஜூன் 24-லிருந்து மதுரையில் கொரோனாவுக்காக மறுபடி முழு ஊரடங்கு. தறிச் சத்தம் நின்றுபோன எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம்தான் கேட்கிறது. கேட்டதுமே தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடுகிறது, காலையில் எழுந்தால் தாடை வலி. 'ரிலாக்ஸா இரும்மா' என்கிறான் மகன். எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.
- ஒரு வாசகி, செல்லூர்

பதில்: சகோதரி, தளர்ந்து இரு என்று யார் சொன்னாலும் உடம்பு உடனே தளராது, ஏனென்றால் அது இறுகிக் கிடப்பதே நமக்குத் தெரிவதில்லை. இதைப் படிக்கும்போதே பாருங்கள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாடு முட்ட வந்தால் உடம்பு முறுக்கேறும், ஓடித் தப்பியதும் இறங்கிவிடும்; கொரோனா பயத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம், எங்கே ஓடுவது, அந்த முறுக்கு அப்படியே தங்கிவிடுகிறது.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கான பயிற்சியை 1929-லேயே புத்தகமாக எழுதினார். வேண்டுமென்றே இறுக்க வேண்டும், அப்புறம் விட வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். பாயில் மல்லாந்து படுத்து வலது கையை ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி இறுக மூடுங்கள். 5 முதல் 7 விநாடி. முழங்கை வரை நரம்பு புடைப்பது தெரியும். சட்டென்று விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். விரல்கள் தானாக விரியும், உள்ளங்கையில் லேசாகச் சூடு பரவும், கை கனத்துப் பாயில் அமுங்கும். அந்தக் கனத்தைத்தான் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்ற இடங்களிலும் அதைத்தான் தேடப் போகிறீர்கள்.

அப்புறம் இடது கை, நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, பாதம் என்று இறங்குங்கள். தோளை மட்டும் இரண்டு மூன்று தடவை செய்யலாம். தாடையை அழுத்திக் கடிக்காதீர்கள், ஏற்கெனவே வலி இருக்கிறதே, மெல்ல இறுக்கினால் போதும். எங்குமே மூச்சை அடக்க வேண்டாம், பிரஷர் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். காயம், ஆபரேஷன் செய்த இடத்தையும் தொட வேண்டாம்.

மொத்தமே கால் மணி நேரம்தான். முதல் நாளிலேயே பலன் தெரியாமல் போகலாம், தினமும் ராத்திரி படுக்கும்போது செய்யுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் நல்லதுதான், எழுந்து மிச்சத்தை முடிக்க வேண்டியதில்லை. சில வாரம் பழகினால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது தோள் ஏறுவது உங்களுக்கே தெரியும், நின்ற இடத்திலேயே இறக்கிவிடலாம்.

நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.