ஊசி போட்ட குஞ்சு என்றால் எந்த ஊசி?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வீட்டுக்குப் பின்னால் 12 நாட்டுக்கோழிகள் வளர்த்தோம். பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒரே வாரத்தில் எட்டு செத்துவிட்டன. கால்நடை மருத்துவமனையில் வெள்ளைக் கழிச்சல் என்றார்கள். வண்டியில் குஞ்சு கொண்டுவருபவர், "எல்லாம் ஊசி போட்டது" என்கிறார். இப்போதே வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கடைசியாகச் சீக்குக் கண்ட நாளிலிருந்து ஆறு வாரமாவது பொறுங்கள். தப்பித்த நான்கும் நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். ஆனாலும் எச்சத்தில் கிருமி இன்னும் சில வாரம் போய்க்கொண்டிருக்கும்.

அந்த வியாபாரி பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பண்ணைகளில் பொரித்த அன்றே கழுத்தில் ஓர் ஊசி போடுவதுண்டு. அது மாரெக்ஸ் என்ற வேறு நோய்க்கு. வெள்ளைக் கழிச்சலுக்கு வழக்கமான முதல் தடுப்பு ஊசியே அல்ல. ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து. "எந்த நோய்க்கு, எத்தனையாவது நாளில்?" என்று கேளுங்கள். விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றினால் வண்டியை அனுப்பிவிடுங்கள். கூடவே கழிச்சலை நிறுத்தும் மாத்திரை என்று எதையாவது நீட்டுவார். வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீண். அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சுரண்டி எடுங்கள், சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள், அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர். சுரண்டியதைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், ராஜகால்வாய் என்ற மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். மூங்கில் பஞ்சாரத்தை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. அதை மறந்துவிடுங்கள், இனாமாக யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

ஆறு வாரம் பொறுக்க முடியாதென்றால் ஒரே ஒரு வழி உண்டு. கோழியே இல்லாத இன்னொரு வீட்டில், ஓசூரில் மாமியார் வீடு என்று வைத்துக்கொள்வோம், குஞ்சுகளை விட்டு வளர்க்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு பார்க்கப் போகிறவர் கோழிக்கூட்டுக்குள் போட்ட அதே செருப்போடு போகக் கூடாது. இங்கே மிஞ்சிய தீவனச் சாக்கையும் தண்ணீர்த் தட்டையும் வீணாகிறதே என்று அங்கே தூக்கிப் போகக் கூடாது. அங்கே பக்கத்து வீட்டுக் கோழி சுவர் தாண்டி வருமா என்றும் பாருங்கள். வந்தால் இந்த வழியும் இல்லை.

தடுப்பு மருந்து இதே ஊரில், ஹெப்பாளில் தயாராகிறது. ஆனால் நூறு டோஸுக்குக் குறைந்த குப்பி கிடைப்பது அபூர்வம். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் மீதியைப் பாயசத்திலா கலப்பார்? சின்னக் குப்பி வேண்டும் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! தெருவில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். குப்பி ஐஸில் வர வேண்டும், சட்டைப் பையில் அல்ல. குடிதண்ணீரில் கலந்து கொடுப்பதானால் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஆகாது. குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். நாலாவது வாரம் மறுபடி சொட்டு. நிஜமான ஊசி எட்டாவது வாரத்தில்தான்.