சாம்பல் கலந்த சிமென்டால் கம்பி துருப்பிடிக்குமா?

வணக்கம் சார். மும்பை வெர்சோவாவில் கடலுக்குப் பக்கத்தில் பால்கனி ஸ்லாபை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறீர்கள், கான்ட்ராக்டர் ஃபிளை ஆஷ் (சாம்பல்) கலந்த சிமென்ட் என்கிறார், கூடவே இடித்த கான்கிரீட்டை நொறுக்கிய ஜல்லியும் கலக்கலாம் என்கிறார், கம்பி துருப்பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

சிமென்டைப் பற்றிப் பயம் வேண்டாம். உப்புக்காற்றுக்கு அது சாதாரண சிமென்டை விட நல்லது. அனல்மின் நிலையச் சாம்பலும் சரி, இரும்பாலைக் கழிவான ஸ்லாகும் சரி, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்து, துருவுக்குக் காரணமான உப்பின் குளோரைடு கம்பி வரை போவதைத் தாமதப்படுத்தும். ஆனால் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதுவரை ஈரம் வேண்டும். இங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுவார்கள்: மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 இந்த வகைக்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது. நீங்கள் 14 நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். இல்லையென்றால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் உள்ளே இறங்கி, கம்பிக்குப் பாதுகாப்பான காரத்தன்மையைக் குறைத்துவிடும்.

பழைய ஜல்லி வேண்டவே வேண்டாம். ஜல்லி, மணலுக்கான தர விதி ஐஎஸ் 383, கம்பி போட்ட கான்கிரீட்டில் அதை எம்25 என்ற வலிமைத் தரம் வரைதான், அதுவும் ஜல்லியில் 20 சதவீதம்தான் அனுமதிக்கிறது. கடலோரத்துக்கு உங்களுக்கு வேண்டியது அதைவிட வலுவான எம்30. தவிர, இடித்தது எந்தக் கட்டடமோ, அதிலேயே எவ்வளவு உப்பு இருக்கிறதோ!

அப்புறம், கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 45 மி.மீ. இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அன்று காலையில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டரைத் தாண்டக் கூடாது.