ஓடிக்கொண்டிருக்கும் பம்பையும் வால்வையும் கழற்றாமல் அவற்றின் நிலையை அறிய முடியுமா?

கேள்வியோடு உங்கள் நிலைமையையும் எழுதியிருக்கிறீர்கள். பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், நிறுத்திக் கழற்றிப் பார்க்க மேலிடம் விடாது, விலையான கருவி வாங்கவும் காசு தராது. எங்கள் ஊரிலும் இதே கதைதான். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர். விடியப்புறம் படகுக்காரர் ஐஸுக்கு வந்து நிற்கும்போது "பம்பைக் கழற்றிப் போட்டிருக்கிறம்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஓடும்போதே பார்க்கப் பழகுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

முடியும். எங்கள் தோட்டக்காரர் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். வலிகாமத்தில் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுகிறவர் மெசினிலிருந்து எவ்வளவோ தள்ளி, மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பார். திடீரென்று மெசின் சத்தம் மாறி வேகம் ஏறும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார். கிணற்றுக்குள் உறிஞ்சல் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு காற்றை இழுத்துவிட்டது, பம்புக்குள் தண்ணீர் இல்லை, சுமை போனதால் எஞ்சின் துள்ளுகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைவது கண்ணுக்குத் தெரிய முன்னமே காதுக்குத் தெரிந்துவிட்டது. மின்மோட்டரில் வேகம் அப்படி ஏறாது, ஆனால் அம்பியர் இறங்கும். அவர் காதால் கேட்டதை நான், வயரைக் கவ்வி அம்பியர் காட்டும் கிளாம்ப் மீற்றரில் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் காதை மட்டும் நம்பி நான் பட்ட அவமானத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், ஓர் ஆவணி மாதம். கிணற்றிலிருந்து, ஐஸ் மெசினின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குத் தண்ணீர் தள்ளும் பம்புகள் இரண்டு, ஒன்று ஓட மற்றது இருப்பில் நிற்கும். ஓடிக்கொண்டிருந்ததில் சல்லிக்கல்லை வாளியில் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். தண்டைத் தாங்கும் பெயாரிங் போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதி, இருப்புப் பம்பைப் போட்டுவிட்டு இதைக் கழற்றி, அரை நாள் மினக்கெட்டு இரண்டு பெயாரிங்கும் மாற்றிப் பூட்டி ஓடவிட்டேன். அதே சல்லிச் சத்தம்.

காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் 1990 இல் அது நிற்கும்வரை வேலை செய்த பெரியவர் ஒருவர் எங்களிடம் இடைக்கிடை வந்துபோவார். அன்று வந்தவர் பம்பைத் தொடவே இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"தம்பி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் பூட்டு."

பம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும் பக்கத்து வால்வு அது. அரைச் சுற்றுப் பூட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சுற்று. சல்லிச் சத்தம் மெலிந்து, கிட்டத்தட்ட இல்லாமலே போனது.

"பெயாரிங் எண்டால் வால்வைப் பூட்ட அடங்குமோ? உது தண்ணி கொதிக்கிற சத்தமடா."

தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும் என்று படித்தவனுக்கு முதலில் விளங்கவில்லை. அழுத்தம் போதுமான அளவு இறங்கினால் 30 பாகைத் தண்ணீரும் கொதிக்கும். பம்ப் தண்ணீரை மேலே இழுப்பதில்லை. உள்ளே வெறுமையை உண்டாக்குகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றழுத்தத்தின் முழுப் பலமும் 10.3 மீற்றர் தண்ணீர்தான். பைப் உராய்வு, வால்வு, பம்பின் தேவை எல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஆறு, ஏழு மீற்றர். கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்க அந்த மிச்சமும் கரையும். அந்த எல்லையைத் தாண்டினால், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் நீராவிக் குமிழிகள் பிறந்து, அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் படார் படார் என்று உடையும். அதுதான் சல்லிச் சத்தம். டெலிவரியைக் கொஞ்சம் பூட்டினால் ஓட்டம் குறையும், உறிஞ்சலில் இழப்பு குறையும், குமிழியும் குறையும். பெயாரிங் பழுதுக்கு இந்த மரியாதை தெரியாது. எங்கள் கிணற்றில் தண்ணீர் வழமையைவிட ஐந்தடி கீழே போயிருந்தது. அதற்குமேல் அந்தப் பம்பின் ஃபுட் வால்வுச் சல்லடையை பாசியும் சுண்ணாம்புத் துகளும் பாதிக்குமேல் அடைத்திருந்தன. இருப்புப் பம்புக்கு வேறு உறிஞ்சல் பைப் என்பதால் அதில் சத்தம் இல்லை. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கழற்றிய பெயாரிங் இரண்டும் ஒரு குறையுமில்லாமல் இன்றும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.

அன்றிலிருந்து தனி ஒரு அளவை நம்பித் தீர்ப்பெழுதுவதில்லை. இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும், இரண்டையும் அதே பம்ப் நன்றாக ஓடிய நாளின் அளவோடு ஒப்பிட வேண்டும். நடைமுறையில் டெலிவரி பக்கத்து அழுத்தம் காட்டும் கேஜையும் அம்பியரையும் சேர்த்துப் பாருங்கள். இம்பெல்லர் சுற்றித் தள்ளும் சாதாரண சென்றிபியூகல் பம்பில் இரண்டும் சேர்ந்து இறங்கினால் உறிஞ்சலில் அடைப்பு, காற்று அல்லது இம்பெல்லர் தேய்வு. அழுத்தம் இறங்கி அம்பியர் ஏறினால் தண்ணீர் எங்கோ தாராளமாகப் போகிறது: பைப் உடைந்திருக்கும், அல்லது யாரோ பக்கவழியான பைபாஸைத் திறந்துவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள். அழுத்தம் ஏறி அம்பியர் இறங்கினால் முன்னுக்கு, டெலிவரிப் பக்கம் அடைப்பு. கேஜ் முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் உறிஞ்சல் பக்கம் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வர, ஊற்றிய இடத்தில் முள் அமைதியானால் ஓட்டை அங்கேதான்.

தேய்வா உறிஞ்சலா என்று பிரிக்க இன்னொரு சோதனை உண்டு. டெலிவரி வால்வை முழுதாகப் பூட்டி, சில செக்கன்கள் மட்டும் கேஜைப் பாருங்கள். கிணற்று மட்டம் அன்றுபோலவே இருந்தும், புதிதாகப் பூட்டிய நாளில் வந்த அழுத்தம் வரவில்லை என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. நெடுநேரம் பூட்டி வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் சூடாகி சீல் போய்விடும். கியர் பம்பிலும் பிஸ்டன் பம்பிலும் இதைச் செய்யவே கூடாது, ஏதாவது ஒன்று வெடிக்கும்.

அதிர்வுக்கு ஒரு சிறு கைமீற்றர் கிடைத்தால் நல்லது. பழைய ஐ.எஸ்.ஓ 10816 நியமப்படி (இப்போது அதன் இடத்தில் 20816) 15 கிலோவாற்றுக்கு உட்பட்ட சிறிய மெசினில் அதிர்வு வேகம் செக்கனுக்கு 1.8 மில்லிமீற்றரைத் தாண்டினால் நெடுநாள் ஓடவிடக்கூடிய நிலை இல்லை, 4.5 ஐத் தாண்டினால் சேதம் வரும் எல்லை. ஆனால் எனக்கு எண்ணைவிடத் திசைதான் முக்கியம். குறுக்கே கூடினால் சமநிலைக் குறைவாக இருக்கும், இம்பெல்லரில் ஏதாவது சிக்கியிருக்கலாம். தண்டின் நீளத் திசையில் கூடினால் மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் நேரில்லை என்று முதலில் சந்தேகப்படுவேன். வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி மீற்றர் மினுங்கும் உலோகத்தில் பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். பெயாரிங் கூட்டில் ஒரு துண்டு கறுப்பு ரேப் ஒட்டி அதில் அளவுங்கள். கிறீஸ் அடித்த மறுநாள் சூடு ஏறினால் பதறவேண்டாம், பெரும்பாலும் அளவுக்குமேல் அடித்திருப்பீர்கள்.

தண்டு வெளியே வரும் இடத்தில் ஒழுக்கைத் தடுக்கக் கிளாண்ட் கயிறு வைத்த பம்பில் சொட்டு எண்ணுவதும் ஒரு சோதனைதான். நிமிடத்துக்கு நாற்பது, அறுபது சொட்டு வந்தால் நல்ல கிளாண்ட். சொட்டே இல்லாமல் இறுக்கி வைத்துவிட்டு "ஒழுக்கு நிற்பாட்டினேன்" என்று பெருமைப்படுகிற ஆள் எல்லாத் தொழிற்சாலையிலும் ஒருவர் இருப்பார். அவர் கயிற்றையும் தண்டுச் சிலீவையும் எரித்துக்கொண்டிருக்கிறார்.

இனி வால்வு. பம்ப் சத்தம் போட்டாவது சொல்லும், வால்வு வாய் திறக்காது. நான் முதலில் பார்ப்பது, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நொன் ரிட்டேன் வால்வு. அதற்குக் கருவியே வேண்டாம். ஒரு பம்ப் ஓடும்போது நிற்கிற பம்பின் மோட்டர் விசிறியைப் பாருங்கள். அது மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தப் பக்கத்து வால்வு பிடிக்கவில்லை, தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு திரும்பிக் கிணற்றுக்கே போகிறது. அது தெரியாமல் சுவிட்சைப் போட்டால், பின்னால் சுற்றும் தண்டை முன்னால் முறுக்குகிறீர்கள். பம்பை நிறுத்தும்போது 'டொக்' என்று பைப்பே அதிர்ந்தால் அதே வால்வு பிந்திப் பூட்டுகிறது. இரும்புப் பைப்பில் ஓட்ட வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் சடுதியாக நின்றாலே ஏறும் அழுத்தம் 10 பாருக்கு மேல்.

உள்ளே தகடு இறங்கிப் பூட்டும் கேற் வால்வுக்குச் சுற்று எண்ணுவேன். ஒவ்வொரு கைச்சக்கரத்திலும் பெயின்ரால் ஒரு புள்ளி. முழுத் திறப்பிலிருந்து முழுப் பூட்டுக்கு எத்தனை சுற்று என்று நல்ல நாளில் எண்ணி வைத்திருக்கிறேன். பதினான்கு சுற்றில் பூட்ட வேண்டியது பன்னிரண்டில் இறுகினால் தகடு வந்து அமரும் இருக்கையில் ஏதோ கிடக்கிறது. எங்கள் பக்கம் அது பெரும்பாலும் சுண்ணாம்புதான். கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிவதேதான் வால்வுக்குள்ளும் படிகிறது, யாழ்ப்பாணத் தரைக்குக் கீழ் முழுக்கச் சுண்ணக்கல் என்பதால் கிணற்றுத் தண்ணீரும் அப்படி. இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் தண்டின் புரி தேய்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை முழுதாகப் பூட்டித் திறக்காத வால்வை, தேவைப்படும் நாளில் நம்பவேண்டாம்.

பூட்டியிருந்தும் உள்ளால் கசிகிற வால்வு இன்னும் கள்ளமானது. ஐஸ் உறையவைக்கும் குளிர்ந்த உப்புக் கரைசல் ஓடும் எங்கள் பைப்புகளில் இது சுலபம். உறையில்லாத இடத்தில் குளிர்ந்த பைப் வியர்க்கும். பூட்டிய வால்வுக்கு அங்கால் இரண்டு மூன்று அடி தள்ளியும் வியர்வை இருந்தால் கசிகிறது. ஒட்டினாற்போல் இருக்கும் வியர்வையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது இரும்பு வழியே கடத்தப்பட்ட குளிர். சூடான பைப்பில் இதே சோதனை மறுபக்கமாக. வெப்பநிலை வித்தியாசமே இல்லாத பைப்பில் நீண்ட ஸ்குரூ டிரைவரின் கைபிடியைக் காதோரம் வைத்து முனையை வால்வு உடம்பில் அழுத்துங்கள். சன்னமான சீறல் கேட்டால் சந்தேகம்தான். காதுக்கு எட்டாத சீறலையும் 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் பிடித்துக் கேட்கவைக்கும் அல்ட்ராசோனிக் கருவியும் இருக்கிறது.

பானலில் எரிகிற விளக்கை வைத்து வால்வின் நிலையை முடிவு செய்யவேண்டாம். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. விளக்கு அணைந்திருந்ததால் பூட்டிவிட்டது என்றே இருந்தார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்தது "பூட்டு" என்ற கட்டளை போனது மட்டும்தான், வால்வு பூட்டியதா என்று அதற்குத் தெரியாது. வெளியேறும் பைப்பின் சூடு கூடித்தான் இருந்தது. முன்னமே அந்த வால்வில் கொஞ்சம் கசிவு இருந்ததால் சூடு வழமையானது என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அணு உலையின் குளிர்நீர் அந்த வால்வு வழியே போய்க்கொண்டிருந்தது. பழகிப்போன கசிவு புதிய கசிவை மறைத்துவிடும். சின்னக் கசிவையும் திருத்தச் சொல்லி நான் அரியண்டம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கருவி வாங்கச் சொல்லிக் கேட்பதென்றால் முதலில் உறிஞ்சலிலும் டெலிவரியிலும் நல்ல கேஜ், பிறகு கிளாம்ப் மீற்றர், மூன்றாவதாகத்தான் அதிர்வு மீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் 2024 இல் திறந்த, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களின் கணக்கு வேறு. கடல்நீரை 55, 60 பார் அழுத்தத்தில் சவ்வினூடே தள்ளும் பம்புகளுக்கு இரவு பகலாகப் பார்க்கும் சென்சார் தேவை. உங்கள் இடத்துக்கு நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒரு பம்புக்கு ஒரு பக்கம்: உறிஞ்சல், டெலிவரி, அம்பியர், இரண்டு பெயாரிங் சூடு, சொட்டு, கிணற்று மட்டம். கிழமைக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரே நேரத்தில். பழுது பார்த்துப் பூட்டிய அன்றே முதல் வரியை எழுதுங்கள். அடுத்த நாள் எழுதலாம் என்று விட்டால் எழுதமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

ஸ்குரூ டிரைவரைக் காதில் வைக்கும்போது முனை பெயாரிங் கூட்டிலோ வால்வு உடம்பிலோ மட்டும் படட்டும், சுற்றுகிற எதற்கும் கிட்டப் போகவேண்டாம். கப்ளிங் மூடி இல்லாத பம்புக்குக் கிட்டச் சாரத்தோடும் போகாதீர்கள், கழுத்தில் துவாயோடும் போகாதீர்கள். மூடியைத் தேடிப் பூட்டிவிட்டுத்தான் மற்ற எல்லாம்.