நான்குவழிச் சாலையில் லாரிகள் ஏன் வலது தடத்தை விடுவதில்லை?

சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காரில் செல்லும்போது, இடது தடம் காலியாகக் கிடக்க, லாரிகள் வலது தடத்திலேயே ஊர்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டப்படி அது தவறுதான். முந்தும் நேரம் தவிர லாரி இடப்பக்கமே செல்ல வேண்டும்.

ஆனால், அந்த இடது தடம் லாரி ஓட்டுநருக்குக் காலியாகத் தெரிவதில்லை. ஓமலூரைத் தாண்டினால், பக்கத்து ஊரிலிருந்து திடீரெனச் சாலையேறும் மொபெட், எதிர்த்திசையில் வரும் டிராக்டர், டீக்கடை முன்பு நிறுத்திய வேன் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருக்கும். கார் சட்டென்று நின்றுவிடும், 28.5 டன் வரை மொத்த எடை அனுமதிக்கப்பட்ட மூன்று அச்சு லாரி அப்படி நிற்காது. ஒவ்வொரு முறை வேகம் குறைத்து மீண்டும் கியர் ஏற்றுவதற்கும் டீசல் செலவாகிறது. போதாக்குறைக்கு, லோடு வண்டிகள் அதிகம் ஓடி இடது தடமே முதலில் பள்ளமாகிறது. அச்சின் எடை கூடினால் சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடிக்குக் கூடும் (எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) என்பது பொறியாளர்களின் கணக்கு. 2018இல் ஓர் அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்ததை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல் வருகிறது.

சுங்கம் அதிகம் கட்டுகிறோம், ஆகவே வலது தடம் எங்களுக்கும் உரியது என்று சில ஓட்டுநர்கள் வாதிடுவதுண்டு. 2008ஆம் ஆண்டு விதிகளின் அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா என்பது உண்மையே. அதற்காகத் தடத்தை மறிக்கும் உரிமை வந்துவிடாது.

ஒரு லாரி இன்னொரு லாரியை மெதுவாக முந்துவது நீங்கள் எரிச்சலடையும் இன்னொரு காட்சி. அதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி காரணம். அது பெரும்பாலான லாரிகளின் வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டரிலும், டேங்கர், டிப்பர் போன்றவற்றின் வேகத்தை 60 கிலோமீட்டரிலும் நிறுத்திவிடுகிறது. 80இல் செல்லும் லாரி 76இல் செல்லும் லாரியை முந்தி முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கும், பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும்.

தொப்பூர் கணவாயில் மட்டும் இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரி குறைந்த கியரில், இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் பிடிமானத்தில், இடது தடத்தில்தான் வர வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் அந்தப் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் டிரம் சூடேறியபின் மிதித்தும் பயனில்லை. அந்த இறக்கத்தில் லோடு லாரியின் முன்னால் காரை நுழைத்து பிரேக் போடாதீர்கள்.